அணைக்குத் தப்பிய ஆறு... படகில் ஒரு ரவுண்டு!

சிவில் இன்ஜினீயரிங் படிக்கிற தோழர்களே, தோழிகளே... முதல்ல உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரு ஆறு. ரெண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான அடி உயரத்துக்குச் செங்குத்துப் பாறைகள். நடுவே குறுகலான பள்ளத்தாக்கு. இந்தப் படத்தைப் பார்த்ததும் மனசுல என்ன தோணும்? 'அடடா... அணை கட்ட அம்சமான இடம்!' அதானே? நானும் சிவில் மூணாவது வருஷம்தான் பாஸ். எனக்கும் அதேதான் தோணுச்சு.

அமெரிக்க ராணுவத்தின் இன்ஜினீயர்கள் பிரிவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அந்த ஊரில் ஆறுகளுக்கு அணை கட்டும் வேலையையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் ஓடும் பஃபலோ என்கிற ஆற்றில், ஒன்றுக்கு ரெண்டாக அணை கட்ட இடமே குறித்துவிட்டார்கள். ஆனால், இன்று வரை அங்கே ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. காரணம், 1972-ம் வருஷம் மார்ச் 1-ம் தேதி ஜனாதிபதி ரிச்சர்ட் நிக்ஸன் போட்ட ஒரு கையெழுத்து. அன்றைக்கு பஃபலோ, மத்திய அரசின் பாதுகாப்புக்குள் வந்தது. 'தேசிய நதி' என்ற பட்டம் வாங்கிய முதல் அமெரிக்க ஆறு இதுதான்!

சட்டம் போட்டு ஓர் ஆற்றைக் காப்பாற்றுவது... கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மையிலேயே காப்பாற்ற முடிந்ததா? அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள்? செல்போன்ல மேப்பைத் திறந்து வெச்சுக்குங்க. ஆற்றின் போக்கிலேயே மேலிருந்து கீழே போய்ப் பார்த்துட்டு வரலாம்.

அணைக்கு நாள் குறிச்ச கதை

படகில் ஏறுவதற்கு முன் சின்னதா ஒரு ஃப்ளாஷ்பேக். பஃபலோ பிறப்பது ஓசார்க் மலைப் பகுதியில். அங்கிருந்து வளைந்து நெளிந்து கிழக்கே சுமார் 240 கி.மீ. ஓடி, வொயிட் ரிவர் என்ற பெரிய ஆற்றில் கலக்கிறது. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் எடுக்கவும் அந்த வொயிட் ரிவர் குடும்பம் முழுக்க அணை கட்டத் திட்டம் போட்டார்கள். 1944-ல் நார்ஃபோர்க் அணை முடிந்தது. 1951-ல் புல் ஷோல்ஸ், 1958-ல் டேபிள் ராக், 1966-ல் பீவர் என்று வரிசையாக எழும்பிக்கொண்டே போயின. பஃபலோ மேலயும் கண் விழுந்தது. நடுவில் கில்பர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒன்று, ஆறு போய்க் கலக்கும் இடத்துக்குச் சற்று முன் லோன் ராக் என்ற இடத்தில் இன்னொன்று. ரெண்டும் வந்திருந்தால் ஆற்றின் பெரும்பகுதி ஏரியாகியிருக்கும்.

1960-களில் ஊரே மூணு கட்சியாகப் பிரிந்தது. முதல் கட்சி, அணை வேணும் என்றது. அவர்களை வில்லனாகப் பார்க்காதீங்க. அது ஏழைப்பட்ட மலைப்பிரதேசம். வேலை இல்லாமல் இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புல் ஷோல்ஸ் ஏரி வந்ததும் டூரிஸ்ட் கூட்டம் வந்ததை நேரில் பார்த்தவர்கள். 'நமக்கும் ஒண்ணு வரட்டுமே' என்று கேட்டதில் என்ன தப்பு?

ரெண்டாவது கட்சி, ஆறு ஓடியபடியே இருக்கணும் என்றது. இதற்குத் தலைமை தாங்கியவர் நீல் காம்ப்டன். பென்டன்வில் ஊரில் பிரசவம் பார்க்கும் டாக்டர். 1962-ல் 'ஓசார்க் சொசைட்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, மக்களைப் படகில் ஏற்றி ஆற்றைக் காட்டியே ஆள் சேர்த்தார்கள். அதே வருஷம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் இங்கே வந்து துடுப்பு போட, பேப்பரில் எல்லாம் நியூஸ் ஆனது.

மூணாவது கட்சிதான் பாவம். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த விவசாயிகள். அணை வந்தால் நிலம் தண்ணீருக்குள் போகும். பார்க் வந்தால் நிலம் அரசாங்கத்துக்குப் போகும். அவர்கள் ரெண்டையுமே வேண்டாம் என்றார்கள். இந்த மூணாவது கட்சியை ஞாபகம் வெச்சுக்குங்க. வழியில் மறுபடி சந்திப்போம்.

திருப்பம் வந்தது எதிர்பாராத ஒருவரிடமிருந்து. அப்போதைய கவர்னர் ஆர்வல் ஃபாபஸ். 1957-ல் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்கத் துருப்புகளை நிறுத்தி, உலகமெங்கும் கெட்ட பேர் வாங்கியவர். அதே மனிதர், 1965-ம் வருஷக் கடைசியில் 'இந்த அணையை ஆதரிக்க முடியாது' என்று ராணுவ இன்ஜினீயர்களுக்குக் கடிதம் எழுதினார். கவர்னரே கை விரித்துவிட்டதால் திட்டம் கிடப்பில் போனது. அடுத்த வருஷத் தேர்தலில், அணைக்கு ஆதரவாக இருந்த காங்கிரஸ் உறுப்பினர் தோற்றார். ஜெயித்த ஜான் பால் ஹாமர்ஷ்மிட்டும், ஆர்கன்சாவின் ரெண்டு செனட்டர்களும் சேர்ந்து பஃபலோவுக்காகச் சட்ட மசோதா கொண்டுவந்தார்கள். நாலஞ்சு வருஷ இழுபறிக்குப் பிறகு சட்டமானது. கையெழுத்தான தேதியிலும் ஒரு விசேஷம் இருக்கு. உலகின் முதல் தேசியப் பூங்காவான யெல்லோஸ்டோன் பிறந்தது 1872 மார்ச் 1. சரியா நூறு வருஷம்!

சட்டத்துல அப்படி என்ன இருக்கு?

சட்டம் சொன்னது சிம்பிள். ஆற்றின் கீழ்ப்பகுதி 217 கி.மீ. தூரமும், அதன் ரெண்டு கரையிலும் ஒரு பட்டை நிலமும் தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வரும். மொத்தப் பரப்பு 95,730 ஏக்கரைத் தாண்டக் கூடாது. அதற்குள் மின் உற்பத்திக்கென்று அணையோ, நீர்த்தேக்கமோ கட்ட லைசென்ஸ் கிடையாது. மீன் பிடிக்கலாம், சீசனில் வேட்டையாடலாம். நிலத்தை அரசு விலை கொடுத்து வாங்கும். வீடு வைத்திருப்பவர்கள் விரும்பினால் 25 வருஷம் வரையோ, ஆயுள் முழுக்கவோ அங்கேயே குடியிருக்கலாம். அதற்குப் பிறகு வீடு அரசாங்கத்துக்கு.

இதற்கு முன்பே, 1968-ல், 'வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்ஸ் ஆக்ட்' என்ற பொதுச் சட்டம் ஒன்று வந்திருந்தது. தடையில்லாமல் ஓடும் அழகான ஆறுகளை அப்படியே விட்டுவைப்பதுதான் அதன் நோக்கம். எட்டு ஆறுகளோடு ஆரம்பித்த அந்தப் பட்டியல், 2019-ல் 226 ஆறுகள், ஏறத்தாழ 13,400 மைல் என்று வளர்ந்திருந்தது. பெரிய நம்பராகத் தெரியுதா? அமெரிக்காவில் உள்ள மொத்த ஆறுகளின் நீளத்தில் அது அரை சதவிகிதத்துக்கும் குறைவு! பஃபலோவுக்குத் தனிச் சட்டம் என்றாலும், காட்டுக்குள் இருக்கும் அதன் மேல்பகுதி சுமார் 25 கி.மீ. தூரம் 1992-ல் இந்தப் பொதுப் பட்டியலிலும் சேர்ந்தது.

பாடம் போதும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்க!

பாக்ஸ்லி: மான்களும் மனிதர்களும்

முதல் ஸ்டாப், பாக்ஸ்லி பள்ளத்தாக்கு. விடிகாலையிலோ, சாயங்காலமோ வந்தால் புல்வெளியில் எல்க் மான்கள் கூட்டமாக மேயும். கொம்போடு நிற்கும் ஆண் எல்க்கைப் பார்த்தால், 'இது மானா, இல்ல குதிரைக்குக் கொம்பு வெச்சுட்டாங்களா' என்று சந்தேகம் வரும். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் வேட்டையில் அழிந்துபோன இனம் அது. 1981-லிருந்து 1985-க்குள் கொலராடோ, நெப்ராஸ்கா மாநிலங்களிலிருந்து 112 எல்க்குகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று ரோட்டோரம் காரை நிறுத்தி ஜனங்கள் வேடிக்கை பார்ப்பது அவற்றின் வாரிசுகளைத்தான்.

மான் மேய்கிற அதே பள்ளத்தாக்கில் வைக்கோல் கட்டுகளும், பழைய மரக் களஞ்சியங்களும், ஆள் குடியிருக்கும் வீடுகளும் இருப்பதைக் கவனிச்சீங்களா? பூங்காத் துறை முதலில் நிலங்களை வாங்கி மக்களை வெளியேற்றியது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. வயல்களில் புதர் மண்டியது. 'ஜனங்க இல்லைன்னா இந்தப் பள்ளத்தாக்கே இல்லை' என்பது 1980-களில்தான் உறைத்தது. பிறகு, சில வீடுகளையும் நிலங்களையும் நிபந்தனையோடு மக்களுக்கே திருப்பி விற்றார்கள். விவசாயம் பண்ணலாம், குடியிருக்கலாம். பிளாட் போட்டு ரிசார்ட் கட்டக் கூடாது. 1987-ல் பாக்ஸ்லி முழுவதும் வரலாற்றுச் சிறப்புமிக்க இடமாகப் பதிவாகிவிட்டது.

பாங்கா பாலத்துல ஒரு டெஸ்ட்

அடுத்து பாங்கா. இங்கே ஒரு தாழ்வான பழைய கான்கிரீட் பாலம் இருக்கு. படகுக்காரர்களுக்கு அதுதான் மீட்டர். பாலத்தின் அடிப்பகுதிக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். இடைவெளி ரொம்பக் குறைவா? வெள்ளம், இன்னிக்கு வேண்டாம். ரொம்ப அதிகமா? கேனூ கூழாங்கல்லில் தரை தட்டும், துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு படகை இழுக்கத்தான் சரி. நடுத்தரமா இருந்தா... ரைட், ரைட்!

ஹைட்ராலஜி பேப்பரில் ஹைட்ரோகிராஃப் வரைகிறோமே... மழை பெய்ததும் விர்ரென்று ஏறி, அப்புறம் மெதுவாக இறங்கும் கோடு. அதை உயிரோடு பார்க்கணும்னா இங்கே வரணும். மேலே ஷட்டரைத் திறக்கிற ஆள் யாரும் கிடையாது. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் ஓடை. மார்ச் முதல் மே வரை மேல்பகுதியில் படகு ஜோராகப் போகும். ஆகஸ்ட்டில் போனால் நடந்துதான் போகணும். 'தடையில்லாமல் ஓடும் ஆறு' என்று சட்டப் புத்தகத்தில் இருப்பதன் அர்த்தம் இந்தப் பாலத்தடியில் புரியும்.

பாங்காவைத் தாண்டினால் ஸ்டீல் க்ரீக். இங்கிருந்து கழுத்து வலிக்கப் போகுது, ரெடியா இருங்க. ரெண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். சாம்பல், காவி, கறுப்பு என்று தண்ணீர் வழிந்த கோடுகளோடு நிமிர்ந்து நிற்கின்றன. எல்லாம் 30 கோடி வருஷத்துக்கும் முன்னால் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும். எல்லாவற்றுக்கும் அண்ணன் 'பிக் பிளஃப்'. சுமார் 550 அடி. அதன் இடுப்பில் 'ஆட்டுப் பாதை' என்று ஒரு குறுகலான விளிம்பு. நடந்து போகிறவர்கள் உண்டு. கைப்பிடி கிடையாது, வழுக்கினால் அவ்வளவுதான். செல்ஃபி பார்ட்டிகள் படகிலேயே உட்காருவது உத்தமம்.

கொஞ்ச தூரத்தில் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே நடந்தால் 'ஹெம்ட்-இன் ஹாலோ' அருவி. 209 அடி. கிட்டத்தட்ட இருபது மாடிக் கட்டடம். ராக்கி மலைகளுக்கும் அப்பலாச்சியன் மலைகளுக்கும் நடுவே இதுதான் உசரம் என்கிறார்கள். காற்றடித்தால் தண்ணீர் நேராக விழாமல் துப்பட்டா மாதிரி ஆடி ஆடி விழும். மழை இல்லாத மாசத்தில் வெறும் தூறல்தான்.

ஹென்டர்சன் பாட்டியின் வீடு

இதே சுற்றுவட்டாரத்தில், ஸ்னீட்ஸ் க்ரீக் ஓடைப் பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையில், மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன மர வீடு தனியாக நிற்கிறது. மேப்பில் 'கிரானி ஹென்டர்சன் கேபின்' என்று தேடினாலே வரும். கிரானி என்றால் பாட்டி. ரோடு இல்லாத இந்த இடத்தில் தன் ஆடு மாடுகளோடு குடியிருந்தவர். நதிக்குப் பாதுகாப்பு வந்த பிறகு, 1970-களில், அந்த வயசான காலத்தில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. இப்போது வீட்டில் யாரும் இல்லை. மலையேறுகிறவர்கள் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. நீங்க இப்போ ரசிச்சுட்டு வந்த அத்தனை அழகும் காப்பாற்றப்பட்டதற்கான பில், இந்த வீட்டுக்குத்தான் வந்தது. நான் சொன்ன மூணாவது கட்சி இவங்கதான். அணை கட்டியிருந்தால் வாழ்க்கையைத் தொலைத்திருப்பவர்களில் பலர், அணை கட்டாததாலும் தொலைத்தார்கள். சட்டப்படி நஷ்டஈடு உண்டு. ஆனால் ஊற்றுத் தண்ணீருக்கும், பிறந்த மண்ணில் பெற்றவர்களைப் புதைத்த இடத்துக்கும் எந்த ரேட் போடுவது?

அந்தக் கோபம் ஐம்பது வருஷம் கழித்தும் ஆறவில்லை. 2023-ல் பஃபலோவைத் 'தேசியப் பூங்கா' அந்தஸ்துக்கு உயர்த்தலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான்... சில நூறு பேர் மட்டுமே வசிக்கிற ஜாஸ்பர் என்ற பக்கத்து ஊரில் சுற்றுவட்டார ஜனம் பெருங்கூட்டமாகத் திரண்டுவிட்டது. 'அப்பா, தாத்தா நிலத்தை ஒரு தடவை கொடுத்தது போதும்' என்கிற பயம்தான் காரணம். ஆற்றை நேசிக்காதவங்க இல்லை இவங்க. தங்களைக் கேட்காமல் தீர்மானம் போட்டுவிடுவார்களோ என்று பயப்படுறவங்க.

கோட்டுக்கு வெளியே ஒரு பண்ணை

துடுப்பைப் போட்டுக்கொண்டே வந்தால் கார்வர் என்ற இடம். இங்கே 'பிக் க்ரீக்' என்ற துணை ஆறு வந்து பஃபலோவில் சேருகிறது. பார்க்க சாதுவான இடம். ஆனால் பஃபலோவின் அடுத்த பெரிய சண்டை தொடங்கியது இந்த ஓடையின் மேல்பக்கம்தான்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. பஃபலோவுக்குத் தண்ணீர் வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பகுதி மொத்தம் சுமார் 3,470 சதுர கி.மீ. அதில் பூங்காத் துறையின் எல்லைக்குள் இருப்பது எவ்வளவு தெரியுமா? வெறும் 11 சதவிகிதம்! ஆற்றின் கரையோரமாக ஒரு ரிப்பன் மாதிரி ஓடுகிறது பாதுகாப்பு எல்லை. மீதி 89 சதவிகிதம் தனியார் நிலம், காடு, ஊர், ரோடு. அங்கே விழும் மழையும் கடைசியில் வந்து சேருவது இதே ஆற்றில்தான்.

2012-ல், அந்த எல்லைக்கு வெளியே, பிக் க்ரீக் பக்கத்தில் ஒரு பெரிய பன்றிப் பண்ணைக்கு மாநில அரசு அனுமதி கொடுத்தது. தாய்ப்பன்றிகள், குட்டிகள் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேல். அடுத்த வருஷம் பண்ணை ஓட ஆரம்பித்தது. கழிவைக் குளம் வெட்டித் தேக்கி, சுற்றியிருக்கும் வயல்களில் உரமாகத் தெளிப்பார்கள். நடத்தியவர்கள் அதே ஊர் விவசாயக் குடும்பத்தார். கேட்ட அனுமதியை எல்லாம் முறைப்படி வாங்கியவர்கள். சட்டத்தை மீறி எதுவும் செய்யவில்லை.

பிறகு என்ன பிரச்னை? பூமிதான் பிரச்னை. இங்கே தரைக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் லட்சக்கணக்கான வருஷமாக அரித்து அரித்து, உள்ளே விரிசல், குகை, சுரங்கம் என்று ஸ்பான்ஜ் மாதிரி ஆகிக் கிடக்கிறது. மண் வடிகட்டித் தரும் என்ற நம்ம டெக்ஸ்ட்புக் நம்பிக்கை இங்கே எடுபடாது. கிணற்றில் சாயம் கலந்துவிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அந்தச் சாயம் நிலத்தடியில் கி.மீ. கணக்கில் பயணம் செய்து, மேட்டைத் தாண்டி வேறு ஓடைகளின் ஊற்றுகளில் எட்டிப் பார்த்தது. மேலே நாம் வரைபடத்தில் போடும் நீர்ப்பிடிப்பு எல்லையைக் கீழே ஓடும் தண்ணீர் மதிக்கவில்லை!

ஆற்றில் பாசி படர்ந்ததற்கும் அந்தப் பண்ணைக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று வருஷக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. மாட்டுப் பண்ணைகள், ஊர்களின் கழிவுநீர், மண் ரோடுகளில் இருந்து வரும் வண்டல், ஏன்... டூரிஸ்ட் கூட்டம் வரைக்கும் எல்லாருக்கும் பங்கு இருக்கு என்றவர்களும் உண்டு. 2018-ல் பண்ணைக்குப் புது அனுமதி தர மாநில அரசு மறுத்தது. கேஸ், அப்பீல் என்று இழுத்தது. கடைசியில் 2019-ல், பண்ணையை மூடுவதற்காக 62 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நிலத்தைத் திரும்ப அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு 2020 தொடக்கத்தில் பண்ணை மூடப்பட்டது.

யோசிச்சுப் பாருங்க. முதலில் அனுமதி கொடுத்ததும் அரசு. பிறகு காசு கொடுத்து மூடியதும் அரசு. 1972-ம் வருஷச் சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அது அணையைத் தடுக்க எழுதிய சட்டம், அணையைத் தடுத்தது. ஆற்றுக்கு வரும் தண்ணீரைப் பற்றி அது அதிகம் கவலைப்படவில்லை. 1960-களில் எதிரி கண்ணுக்குத் தெரியும் கான்கிரீட் சுவர். இப்போது வருகிற எதிரி தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து வருகிறான்.

கில்பர்ட்டில் ஒரு ஐஸ்க்ரீம்

மனசு கனமாயிடுச்சா? வாங்க, கில்பர்ட்டில் இறங்கி ஒரு ஐஸ்க்ரீம் சாப்பிடலாம். 1901-ல் ரயில் பாதைக்காக உருவான குட்டியூண்டு ஊர். அந்தக் காலத்து மர ஜெனரல் ஸ்டோர் இன்னும் ஆற்றங்கரை ரோட்டில் நிற்கிறது. ரயில் போய்ப் பல காலமாச்சு. இப்போது ஊரைத் தாங்குவது வாடகைப் படகுகளும் கேபின்களும்தான்.

இந்த ஊருக்கு மேலேதான் அணை வந்திருக்க வேண்டும். அணை கேட்டவர்கள் சொன்ன முக்கியக் காரணம் டூரிசம், ஞாபகம் இருக்கா? அணை இல்லாமலேயே இன்று பஃபலோவுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். அந்த வருமானத்தில் தான் இப்போது பல குடும்பங்கள் வாழ்கின்றன. அதேசமயம், லாங் வீக் எண்டில் பார்க்கிங் கிடைக்காமல் ரோட்டோரம் கார்கள் வரிசைகட்டுவதும், கழிப்பறைகள் திணறுவதும் புதுத் தலைவலி. காப்பாற்றிய ஆற்றை ரசிக்க வந்தவர்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியிருக்கு!

ரெண்டு தண்ணீர் சேரும் இடம்

அடுத்து ரஷ். ஒரு காலத்தில் துத்தநாகச் சுரங்கம் வைத்து ஓகோவென்று இருந்த ஊர். முதல் உலகப் போர் சமயத்தில் விலை எகிற, ஆயிரக்கணக்கில் ஆட்கள் குவிந்தார்கள். போர் முடிந்தது, விலை விழுந்தது, ஊர் காலி. இன்று சாய்ந்த வீடுகளும், தாது உருக்கிய கல் உலையும் மட்டும் மிச்சம். இதற்கப்புறம் 35 கி.மீ.க்கும் மேல் ரோடே கிடையாது. ரெண்டு பக்கமும் காடு. ராத்திரி கரையில் கூடாரம் போட்டால், மேலே பால்வெளி மண்டலம் பளிச்சென்று தெரியும். செயற்கை வெளிச்சம் குறைவான இடம் என்பதால் 2019-ல் இதற்குச் சர்வதேச 'டார்க் ஸ்கை' அங்கீகாரம்கூடக் கிடைத்தது.

லோன் ராக் அணை வந்திருந்தால் இந்தக் கூடாரம் போட்ட இடம் தண்ணீருக்கு அடியில் இருந்திருக்கும். அதைத் தாண்டி கடைசி வளைவு... அதோ வொயிட் ரிவர்.

இங்கே படகை நிறுத்தி, கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்க. கோடையில் பஃபலோ தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். நாலு துடுப்பு தள்ளி வொயிட் ரிவருக்குள் போனதும் ஜில்லென்று சுடும். ஒரே வெயில், ஒரே மலை... ஏன் இந்த வித்தியாசம்? மேலே புல் ஷோல்ஸ் அணை இருக்கே! ஆழமான ஏரியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீரைத்தான் டர்பைன் வழியாகத் திறந்துவிடுகிறார்கள். பழைய வொயிட் ரிவரில் இருந்த வெந்நீர் மீன்களால் அந்தக் குளிரில் பிழைக்க முடியவில்லை. அதற்கு ஈடாகக் குளிர்ந்த தண்ணீரில் வாழும் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அதை வளர்த்துத் தர 1957-ல் நார்ஃபோர்க் அணைக்குக் கீழே அரசே மீன் குஞ்சுப் பண்ணை வைத்தது. இன்று ட்ரவுட் பிடிக்கவே வொயிட் ரிவருக்குக் கூட்டம் வருகிறது. பஃபலோ பக்கமோ, இந்த மண்ணின் சொந்த மீனான ஸ்மால்மவுத் பாஸ் துள்ளிக்கொண்டிருக்கிறது.

மின்சாரம், வெள்ளத் தடுப்பு என்று அந்த அணைகள் செய்யும் வேலை சாதாரணமில்லை. அணையே கூடாது என்று சொன்னால் நம்ம டிபார்ட்மென்ட்டை இழுத்து மூட வேண்டியதுதான். ஆனால், கட்டிய ஆறு எப்படி இருக்கும், கட்டாத ஆறு எப்படி இருக்கும் என்று ரெண்டையும் ஒரே இடத்தில் கையை நனைத்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஒரு ஆற்றையாவது விட்டுவைத்ததால்தான் அந்த வித்தியாசமே நமக்குத் தெரிகிறது.

இன்னும் சில வருஷத்தில் நம்மில் யாராவது ஒருத்தர் ஏதோ ஓர் ஆற்றுக்கு வரைபடம் போடப் போகிறோம். அணைக்காகவும் இருக்கலாம், பாதுகாப்புக்காகவும் இருக்கலாம். பஃபலோவின் எல்லைக்கோட்டை வரைந்தவர்கள் பென்சிலைக் கரையோரத்தில் ஓட்டினார்கள். ஹென்டர்சன் பாட்டி வீடு கோட்டுக்கு உள்ளே மாட்டியது, பன்றிப் பண்ணை கோட்டுக்கு வெளியே தப்பியது. உங்க கையில் பென்சில் இருந்தால் எங்கே ஓட்டியிருப்பீங்க? கிளாஸ் முடிஞ்சதும் கேன்டீனில் உட்கார்ந்து அடிச்சுக்கிற அளவுக்கு வொர்த்தான சப்ஜெக்ட் இது.

நிஜமாவே போகணுமா?

* அமெரிக்காவில் மேல்படிப்பு பிளான் இருக்கிறவங்க குறிச்சுக்குங்க. ஃபயெட்வில் நகரத்தில் இருக்கும் ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து பாங்கா சுமார் ரெண்டு மணி நேர கார் பயணம். பஸ் கிடையாது. கார் வைத்திருக்கும் சீனியரை இப்பவே ஃப்ரெண்ட் பிடிச்சு வைங்க.

* நுழைவுக் கட்டணம் இல்லை. படகு வாடகைக்குத் தனிக் காசு. பாங்கா, ஜாஸ்பர், கில்பர்ட் பக்கங்களில் கேனூ கிடைக்கும். உங்க காரைக் கீழே கொண்டுவந்து நிறுத்தித் தரும் வசதியும் உண்டு.

* மேல்பகுதிக்கு மார்ச் முதல் மே. கோடையில் கில்பர்ட்டுக்குக் கீழே போகலாம். கிளம்புவதற்கு முன் நீர்மட்டத்தைப் பார்க்காமல் படகைத் தொடாதீங்க. ராத்திரி மழை பெய்தால் காலையில் வேற ஆறு.

* கண்ணாடி பாட்டில் கொண்டுபோகத் தடை. அருவியைப் பார்க்கிற ஆர்வத்தில் ஈரப் பாறையில் ஓடாதீங்க.

* ஆர்கன்சா என்று எழுத்துக் கூட்டும்போது கடைசியில் ஓர் 'எஸ்' வரும். சொல்லும்போது அதை விழுங்கிடுங்க. இல்லைன்னா முதல் நாளே உள்ளூர்க்காரங்க கண்டுபிடிச்சிடுவாங்க!